மாதவிடாய் நிற்கப்போகிற வயதில் கருத்தடை தேவையா? ஹார்மோன் சிகிச்சை மட்டும் போதுமா?

"மாசா மாசம் ஒழுங்கா வர்றதே இல்ல. இனிமே எங்க புள்ள உண்டாகப் போகுது?"

45 வயதைத் தாண்டிய பெண்கள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். இன்னும் சிலர், "நான்தான் ஹார்மோன் மாத்திரை சாப்பிடறேனே, அதுவே தடுத்துடும்" என்று நம்புகிறார்கள்.

இரண்டுமே தவறு.

உங்களுக்கு இப்போது 20களிலோ 30களிலோ வயது இருக்கலாம். ஆனால் உங்கள் அம்மா, அத்தை, சித்தி, அலுவலகத்தில் பக்கத்தில் உட்காரும் அக்கா ஆகியோரில் யாராவது ஒருவர் இந்தக் கட்டத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். மருந்தகத்தில் அவர்களுக்காகப் பேசுவதும் மருந்துப் பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்வதும் பெரும்பாலும் நீங்கள்தானே?

சுருக்கமாகச் சொன்னால்:

• மாதவிடாய் தாறுமாறாக வந்தாலும் கரு உண்டாகலாம்.
• மெனோபாஸ் தொந்தரவுகளுக்குக் கொடுக்கும் ஹார்மோன் சிகிச்சை கருத்தடை அல்ல.
• 50 வயதுக்குள் மாதவிடாய் நின்றால் அதன்பிறகு 2 ஆண்டுகளுக்குக் கருத்தடை தேவை. 50க்கு மேல் நின்றால் 1 ஆண்டு.
• 55 வயதில் பொதுவாக எல்லாக் கருத்தடையையும் நிறுத்திவிடலாம்.

காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெரிமெனோபாஸ் என்றால் என்ன?

மாதவிடாய் ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. நிற்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே உடல் மாறத் தொடங்கிவிடும். அந்தக் காலம்தான் பெரிமெனோபாஸ்.

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால்தான் அது மெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிறுத்தம். சிங்கப்பூரில் அது சராசரியாக 49 வயதை ஒட்டி நடக்கிறது. பெரிமெனோபாஸ் பெரும்பாலும் 40களில் ஆரம்பிக்கும். சராசரியாக 4 ஆண்டுகள் நீடிக்கும். சிலருக்கு 8 ஆண்டுகள்கூட ஆகலாம்.

இங்கே ஒரு சிக்கல் இருப்பதைக் கவனித்தீர்களா? கடைசி மாதவிடாய் எது என்பது ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும். அதுவரை யாராலும் "முடிஞ்சு போச்சு" என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

எப்படித் தெரியும்?

மாதவிடாய் சில மாதம் சீக்கிரம் வரும், சில மாதம் தள்ளிப்போகும். ரத்தப்போக்கு சில நேரம் அதிகமாகவும் சில நேரம் குறைவாகவும் இருக்கும். திடீரென்று உடம்பெல்லாம் குப்பென்று சூடேறி வியர்த்துக் கொட்டும். இரவில் தூக்கம் கலையும். எரிச்சல், பதற்றம், மறதி, பெண்ணுறுப்பில் வறட்சி, மூட்டுவலி எல்லாமே இதில் அடங்கும்.

சிங்கப்பூரில் 45லிருந்து 69 வயது வரையுள்ள 1,000க்கும் அதிகமான பெண்களிடம் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை ஆய்வு ஒன்றை நடத்தியது. அவர்களை அதிகம் வாட்டியது உடல் சூடு இல்லை. மூட்டுவலி, தசைவலிதான். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது மிதமாகவோ கடுமையாகவோ இருந்தது.

அதனால் அம்மா "முட்டி வலிக்குது, ராத்திரி தூக்கமே இல்ல" என்றால், வயசாகிவிட்டது என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நம் வீடுகளில் இன்னொரு பழக்கமும் உண்டு. உடம்பு சூடேறினால் "உஷ்ணம்" என்று சொல்லி இளநீரும் ஊறவைத்த வெந்தயமும் சாப்பிடுவார்கள். அதில் தப்பில்லை. ஆனால் மருத்துவரிடம் "உடம்பு சூடு" என்று மட்டும் சொன்னால் காய்ச்சல் என்று புரிந்துகொள்ளக்கூடும். எந்த நேரத்தில் வருகிறது, எத்தனை நிமிடம் இருக்கிறது, வியர்க்கிறதா என்று விவரமாகச் சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனை செய்தால் தெரியாதா?

45 வயதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் அது தேவையில்லை. வயதையும் அறிகுறிகளையும் வைத்தே மருத்துவர் சொல்லிவிடுவார். எஃப்எஸ்எச் என்ற ஹார்மோனின் அளவு இந்தக் காலத்தில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இன்று ஒரு எண், அடுத்த மாதம் வேறு எண். ஒரே ஒரு முடிவை நம்பிக் கருத்தடையை நிறுத்துவது ஆபத்து. தைராய்டு கோளாறு, ரத்தசோகை போன்றவை இல்லை என்று உறுதிசெய்ய வேறு பரிசோதனைகள் எடுக்கலாம்.

45 வயதுக்குள், குறிப்பாக 40 வயதுக்குள், மாதவிடாய் நின்றுபோவது வேறு விஷயம். அப்போது பரிசோதனை அவசியம். 40க்கு முன்பே கருப்பை முட்டையகம் செயல் குறைந்தவர்களில் சுமார் 5 விழுக்காட்டினர் பின்னர் இயற்கையாகவே கருத்தரிப்பதுண்டு. அதனால் அவர்களும் கருத்தடை பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த வயதில் கரு உண்டாக வாய்ப்பு எவ்வளவு?

குறைவுதான். ஆனால் பூஜ்ஜியம் இல்லை.

பெரிமெனோபாஸின்போது கருமுட்டை எல்லா மாதமும் வெளிவராது. ஆனால் மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு நான்காவது மாதம் திடீரென்று ஒன்று வெளிவரலாம். முன்கூட்டியே அறிவிப்பு எதுவும் கிடையாது. நாள் எண்ணிக் கணக்குப் பார்க்கும் முறை இங்கே கைகொடுக்காததற்கு அதுதான் காரணம். கைப்பேசிச் செயலி காட்டும் "பாதுகாப்பான நாள்" எல்லாம் சுழற்சி சீராக இருப்பவர்களுக்கான கணிப்பு. தேதிகளையும் அறிகுறிகளையும் குறித்துவைக்க மட்டும் செயலியைப் பயன்படுத்தலாம்.

40களின் பிற்பகுதியில் கருத்தரித்தால் சிக்கல்களும் அதிகம். கருச்சிதைவு, கர்ப்பகால நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் ஆகியவற்றின் அபாயம் கூடுகிறது. 45 வயதுக்கு மேல் உண்டாகும் கருக்களில் பாதிக்கும் மேல் கலைந்துவிடுகின்றன. குழந்தைக்கு டௌன் சின்ட்ரோம் இருக்கும் வாய்ப்பு 40 வயதில் சுமார் 100இல் 1; 45 வயதில் சுமார் 30இல் 1.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மாதவிடாய் தள்ளிப்போவது, களைப்பு, மார்பில் வலி, மனநிலை மாற்றம் எல்லாம் பெரிமெனோபாஸிலும் வரும், கர்ப்பத்திலும் வரும். "மெனோபாஸ்தான்" என்று நினைத்து நான்கைந்து மாதம் கழித்துத் தெரியவந்தால், முடிவெடுப்பதற்கான நேரம் குறைந்துபோகும். சந்தேகம் வந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் கர்ப்பப் பரிசோதனைக் கருவியை வாங்கிப் பார்ப்பது நல்லது. 47 வயதில் அதை வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஹார்மோன் சிகிச்சை ஏன் கருத்தடை ஆகாது?

பெயரைக் கேட்டால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டிலும் ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டோஜென் வகை ஹார்மோன்கள்தான் இருக்கும். ஆனால் வேலை வேறு.

கருத்தடை மாத்திரையில் ஹார்மோன் அளவு வலுவாக இருக்கும். அது கருமுட்டை வெளியாவதையே நிறுத்திவிடும்.

மெனோபாஸுக்கான ஹார்மோன் சிகிச்சை அப்படியில்லை. உடலில் குறைந்துபோனதை ஈடுகட்டும் அளவுக்கு மட்டுமே கொடுக்கப்படும். உடல் சூடு தணியும், தூக்கம் வரும், எலும்பும் வலுவிழக்காமல் இருக்கும். ஆனால் கருமுட்டை வெளிவர நினைத்தால் அதைத் தடுக்கும் சக்தி அதற்குக் கிடையாது.

ஒட்டும் பட்டையிலும் இதே குழப்பம் வரும். கருத்தடைக்கு ஒரு பட்டை, ஹார்மோன் சிகிச்சைக்கு ஒரு பட்டை என இரண்டு வகை இருக்கின்றன. "பேட்ச் போட்டிருக்கேன்" என்று அம்மா சொன்னால் எந்தப் பட்டை என்று பெட்டியைப் பாருங்கள்.

ஹார்மோன் சிகிச்சையில் என்னென்ன இருக்கின்றன?

முக்கியமானது ஈஸ்ட்ரோஜென். மாத்திரை, பட்டை, தோலில் பூசும் ஜெல் என்று பல வடிவங்களில் கிடைக்கும்.

கருப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜெனை மட்டும் தனியாக எடுக்கக்கூடாது. அது கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்யும். நாளடைவில் கருப்பைப் புற்றுநோய் அபாயம் கூடும். அதைத் தடுக்கத்தான் புரோஜெஸ்டோஜெனும் சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. அறுவை சிகிச்சையில் கருப்பையை எடுத்துவிட்டவர்களுக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜென் மட்டும் போதும். அவர்களுக்குக் கருத்தடையும் தேவையில்லை.

இன்னமும் மாதவிடாய் வந்துகொண்டிருப்பவர்களுக்கு, புரோஜெஸ்டோஜெனை மாதத்தில் சில நாள்கள் மட்டும் கொடுக்கும் முறை வழக்கம். அதனால் மாதாமாதம் ரத்தப்போக்கு வரலாம். அது மருந்தால் வருவது. அதை வைத்து, கரு உண்டாகும் என்றோ உண்டாகாது என்றோ முடிவுசெய்ய முடியாது.

வறட்சிக்காகப் பெண்ணுறுப்பில் மட்டும் பயன்படுத்தும் ஈஸ்ட்ரோஜென் களிம்பு, மாத்திரை ஆகியவை குறைந்த அளவு கொண்டவை. அவற்றுக்குப் புரோஜெஸ்டோஜென் தேவையில்லை. அவையும் கருத்தடை அல்ல.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனம்: மிரேனா போன்றது. 52 மில்லிகிராம் லெவோனோர்ஜெஸ்ட்ரல் ஹார்மோன் அடங்கியது. கருத்தடையாகவும் இருக்கும், ஹார்மோன் சிகிச்சை எடுக்கும்போது கருப்பையின் உட்சுவரையும் பாதுகாக்கும். அதிக ரத்தப்போக்கையும் குறைக்கும். கூடவே ஈஸ்ட்ரோஜென் பட்டையோ ஜெல்லோ சேர்த்தால் போதும். 45 வயதிலோ அதற்குப் பிறகோ பொருத்தினால் கருத்தடைக்காக 55 வயதுவரை வைத்திருக்கலாம் என்பது பிரிட்டிஷ் வழிகாட்டுதல். ஆனால் ஹார்மோன் சிகிச்சையின் பாகமாகப் பயன்படுத்தினால் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இந்த இரண்டு கணக்கையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பொருத்திய தேதியை எழுதிவையுங்கள்.

செப்புக் கருப்பைச் சாதனம்: வீட்டில் பெரியவர்கள் "வளையம்" என்பார்கள். ஹார்மோன் கிடையாது. 40 வயதுக்கு மேல் பொருத்தினால் மெனோபாஸ் முடியும்வரை வைத்திருக்கலாம். ஆனால் ரத்தப்போக்கை அதிகமாக்கக்கூடும். ஏற்கெனவே அதிகம் போகிறவர்களுக்கு இது சரிப்படாது.

புரோஜெஸ்டோஜென் மட்டும் உள்ள மாத்திரை, கையில் தோலுக்கடியில் வைக்கும் சிறு குச்சி: ஈஸ்ட்ரோஜென் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கும் இவை பொருந்தும். ஹார்மோன் சிகிச்சையுடன் சேர்த்துக் கருத்தடைக்காகப் பயன்படுத்தலாம். ஆனால் கருப்பையின் உட்சுவரைப் பாதுகாக்க இவற்றை மட்டும் நம்ப முடியாது. ஹார்மோன் சிகிச்சையில் தனியாகப் புரோஜெஸ்டோஜென் இருக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி: எலும்பின் அடர்த்தியைக் குறைக்கக்கூடியது. 50 வயதானதும் வேறு முறைக்கு மாறும்படி மருத்துவர்கள் சொல்வார்கள்.

இரண்டு ஹார்மோனும் உள்ள கருத்தடை மாத்திரை: 50 வயதுக்கு உட்பட்ட, ஆரோக்கியமான, புகைபிடிக்காத பெண்களுக்கு இது இரட்டைப் பலன் தரும். கருவையும் தடுக்கும், உடல் சூட்டையும் ஒழுங்கற்ற ரத்தப்போக்கையும் கட்டுப்படுத்தும். ஆனால் 35 வயதுக்கு மேல் புகைபிடிப்பவர்கள், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கண்முன் மின்னல்போலத் தெரிந்து பிறகு ஒற்றைத் தலைவலி வருபவர்கள், ரத்தக்கட்டு ஏற்பட்டவர்கள் இதை எடுக்கக்கூடாது. 50 வயதில் நிறுத்திவிட வேண்டும். இதையும் ஹார்மோன் சிகிச்சையையும் ஒரே நேரத்தில் எடுக்கக்கூடாது.

ஆணுறை: பக்கவிளைவு இல்லை, எதனுடனும் சேர்த்துப் பயன்படுத்தலாம். பாலியல் நோய்களிலிருந்தும் பாதுகாப்புத் தரும். விவாகரத்துக்குப் பிறகோ துணையை இழந்த பிறகோ புதிய உறவைத் தொடங்குபவர்களுக்கு இது முக்கியம்.

கணவர் வாசெக்டமி செய்துகொண்டிருந்தாலோ மனைவி குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்திருந்தாலோ வேறு கருத்தடை தேவையில்லை.

"நாட்டு மருந்துதானே, ஒண்ணும் செய்யாது" என்பார்கள். அது எப்போதும் சரியில்லை. மனச்சோர்வுக்காக விற்கப்படும் செயிண்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, ஹார்மோன் கருத்தடை மாத்திரையின் வீரியத்தைக் குறைத்துவிடும். வலிப்பு, காசநோய் மருந்துகள் சிலவும் அப்படித்தான். என்ன சாப்பிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

புற்றுநோய் வரும் என்கிறார்களே?

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற பெரிய ஆய்வின் ஒரு பகுதி பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜெனும் புரோஜெஸ்டோஜெனும் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டவர்களிடையே மார்பகப் புற்றுநோய் கூடியது தெரியவந்ததே காரணம். உலகம் முழுதும் பெண்கள் மருந்தைத் தூக்கிப்போட்டார்கள்.

எண்களைப் பாருங்கள். மருந்து எடுக்காத 10,000 பேரில் ஆண்டுக்கு 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. எடுத்த 10,000 பேரில் 38 பேருக்கு வந்தது. அதாவது 10,000க்கு 8 பேர் கூடுதல். அபாயம் உண்மைதான், ஆனால் தலைப்புச் செய்திகள் காட்டிய அளவுக்கு இல்லை.

அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. பலருக்கு மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது. பின்னர் தரவுகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது படம் மாறியது. 60 வயதுக்குட்பட்டு, அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குள் சிகிச்சையைத் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலோருக்கு, அபாயத்தைவிடப் பலன் அதிகம் என்பதே இப்போது மருத்துவச் சங்கங்களின் நிலைப்பாடு.

எந்த வடிவத்தில் எடுக்கிறோம் என்பதும் முக்கியம். ஈஸ்ட்ரோஜென் மாத்திரை ரத்தக்கட்டு அபாயத்தைச் சற்றுக் கூட்டும். வழக்கமான அளவில் பட்டையோ ஜெல்லோ பயன்படுத்தினால் அந்த அபாயம் கூடுவதாகத் தெரியவில்லை.

எல்லாருக்கும் ஹார்மோன் ஏற்றதல்ல. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள், கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்கள், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் வேறு வழிகளைச் சொல்வார். ஹார்மோன் இல்லாத மருந்துகளும் மனநல ஆலோசனை முறைகளும் இருக்கின்றன.

கருத்தடையை எப்போது நிறுத்தலாம்?

ஹார்மோன் எதுவும் எடுக்காதவர்களுக்குக் கணக்கு எளிது. கடைசி மாதவிடாய் 50 வயதுக்கு முன் என்றால் 2 ஆண்டு, 50க்குப் பின் என்றால் 1 ஆண்டு காத்திருக்க வேண்டும். இளம் வயதில் முட்டையகம் மீண்டும் விழித்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் 2 ஆண்டு.

ஹார்மோன் எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. மாத்திரையோ சாதனமோ ரத்தப்போக்கை மறைக்கலாம், அல்லது வரவைக்கலாம். "ஒரு வருஷமா வரல" என்பதை நம்ப முடியாது. அவர்களுக்குப் பாதுகாப்பான எல்லை 55 வயது. அதற்கு முன்பே நிறுத்த நினைத்தால் மருத்துவரிடம் கேட்கவும்.

உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டியது எப்போது?

• 12 மாதங்கள் நின்ற பிறகு மீண்டும் ரத்தம் வந்தால், ஒரு துளியாக இருந்தாலும்
• உடலுறவுக்குப் பிறகு ரத்தம் வந்தால்
• ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனையும் அளவுக்குப் போனால்
• மருந்து எடுக்கும்போது ஒரு காலில் மட்டும் வீக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஏற்பட்டால் (அவசரப் பிரிவுக்குச் செல்லவும்)

"இந்த வயசுல அப்படித்தான் போகும்" என்று தள்ளிப்போடுவதால்தான் கருப்பைப் புற்றுநோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது.

பாதுகாப்பில்லாமல் உடலுறவு கொண்டிருந்தால், அவசரக் கருத்தடை மாத்திரையை 40 வயதுக்கு மேற்பட்டவர்களும் எடுக்கலாம். வகையைப் பொறுத்து 3 அல்லது 5 நாளுக்குள் எடுக்க வேண்டும். சிங்கப்பூரில் அதற்கு மருத்துவர் சீட்டு தேவை.

எங்கே போவது, என்ன கேட்பது?

முதலில் பலதுறை மருந்தகமோ வழக்கமாகப் பார்க்கும் குடும்ப மருத்துவரோ போதும். தேவைப்பட்டால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை போன்ற இடங்களில் உள்ள மெனோபாஸ் பிரிவுக்கு அனுப்புவார்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம்.

கேட்க வேண்டியவை:

• இந்த மருந்து கருத்தடையா, தொந்தரவுக்கான சிகிச்சையா, இரண்டுமா?
• என் ரத்த அழுத்தத்துக்கும் குடும்பத்தில் உள்ள நோய்களுக்கும் இது பொருந்துமா?
• மாத்திரைக்குப் பதிலாகப் பட்டையோ ஜெல்லோ எடுக்கலாமா?
• எப்போது திரும்ப வர வேண்டும்? (ஹார்மோன் சிகிச்சையை ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுபரிசீலனை செய்ய வேண்டும்)
• மேமோகிராம் எப்போது எடுக்க வேண்டும்? (சிங்கப்பூரில் 50 வயதிலிருந்து 2 ஆண்டுக்கு ஒருமுறை பரிந்துரைக்கப்படுகிறது. 40களில் இருப்பவர்கள் மருத்துவரிடம் ஆலோசிக்கலாம்)

கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. அம்மாவோடு மருந்தகத்துக்குப் போகிறீர்கள் என்றால், மொழிபெயர்க்கும்போது எதையும் சுருக்காதீர்கள். ஆனால் கருத்தடை பற்றிப் பிள்ளை முன்னால் பேச எந்த அம்மாவுக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். அந்தக் கட்டம் வரும்போது, "நான் வெளிய உக்காந்திருக்கேம்மா" என்று எழுந்து வந்துவிடுங்கள். தமிழ் பேசும் தாதி இருக்கிறாரா என்று கேளுங்கள். கேள்விகளை முதல்நாளே தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதி அம்மாவின் கைப்பையில் வைத்துவிட்டால், அவரே அதை மருத்துவரிடம் நீட்டிவிடலாம்.

(இது பொதுவான தகவல் மட்டுமே. மருந்தைத் தொடங்குவதற்கும் நிறுத்துவதற்கும் முன் மருத்துவரிடம் ஆலோசிக்கவும்.)